சீசாவில் அடைத்த மின்னல்

மலைமேல் இருக்கும் எங்கள் வாழவந்தி நாட்டுக்கு மின்சாரம் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே எனக்கு ஷாக் அடித்துவிட்டது. சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அடித்தது மின்சாரம்தானா என்று எனக்கே பின்னால் சந்தேகம் வந்தது வேறு விஷயம்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. நாமக்கல்லிலிருந்து மலையேறி வந்த வாத்தியாரின் பள்ளிக்கூடத்தில் கருவி என்று இருந்தது ஒரு பிரம்புதான். அவர் கவலைப்படவில்லை. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் சீமையில் இயற்கைத் தத்துவம் என்ற பெயரில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவர்களிடம் மட்டும் என்ன இருந்தது, ஒரு சீசா, ஒரு ஆணி, கைகோக்க நாலு ஆட்கள் என்பார். மருந்து சீசாவில் தண்ணீர் ஊற்றி, வெளியே ஈயத்தாள் சுற்றி, தக்கையில் ஆணி செருகி, கண்ணாடிக் குழாயைப் பட்டுத்துணியால் தேய்த்துத் தேய்த்து ஆணியில் வைப்பார். மின்னல் உள்ளே சேருமாம். எங்கள் மலைப் பனிமூட்டத்தில் அது சேரவே இல்லை. பங்குனியில் காற்று காய்ந்ததும் ஊரையே கூப்பிட்டார்.

"எல்லாரும் கைகோத்து நில்லுங்க. முதல் ஆள் சீசாவைப் பிடிக்கணும். கடைசியில நான் நின்னு ஆணியைத் தொடுவேன். ஒரே நேரத்துல எல்லாருக்கும் பாயும்."

என் அப்பாவும் சித்தப்பாவும் அப்போது பேசிக்கொள்வதில்லை. காரணம், எல்லையில் நின்ற ஒரு பலாமரம். அவர்களுடைய தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. ரெண்டு அண்ணனும் சேர்ந்து நிற்காத பந்தலில் உட்கார மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் நாள் கேட்டு ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணன்கள் அசையவில்லை.

சித்தப்பா தாமதமாக வந்தார். என் பக்கத்தில்தான் இடம் இருந்தது. என் கைக்கு யாரோடும் பகை இல்லாததால் பிடித்துக்கொண்டார். மறுகையில் அப்பா. என் முதுகுக்குப் பின்னால் அத்தை வேடிக்கை பார்த்து நின்றாள். என் வீரத்தைப் பற்றி முந்தின நாளே பள்ளி முழுக்க அளந்து வைத்திருந்தேன்.

வாத்தியார் விரலை நீட்டினார். ஆணிக்கு இன்னும் ஒரு சாண் தூரம் இருந்தது. எனக்கு இடுப்பில் சுரீரென்றது. "ஐயோ, அடிச்சிருச்சு" என்று இரண்டு கைகளையும் உதறிக்கொண்டு துள்ளினேன். ஊர் சிரித்தது.

"நீ வெளிய வா கண்ணு," என்றார் வாத்தியார். "பெரியவங்க ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்குங்க. நடுவுல விட்டுப்போனா பாயாதுங்க."

இருவரும் ஆளுக்கொரு மலையைப் பார்த்தார்கள். வரிசை காத்திருந்தது.

"பயமா இருந்தா ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போங்கண்ணா," என்றாள் அத்தை. "வேற ஆளை நிறுத்திக்கிறோம்."

அப்பா முகத்தைத் திருப்பியபடியே கையை நீட்டினார். சித்தப்பா பிடித்தார். வாத்தியார் ஆணியைத் தொட்டதும் வரிசை முழுக்க ஒரே குதி. சித்தப்பா "அண்ணா" என்று அலறினார்.

"உனக்கும் அடிச்சுதாடா?"

"முழங்கை வரைக்கும் அடிச்சுதுங்கண்ணா."

எல்லாரும் கையை விட்டு உதறிக்கொண்டார்கள். அவர்கள் இருவரும் மட்டும் விடவில்லை. நான் ஓடினேன். "சார், எங்கப்பாவுக்கு இன்னும் விடலைங்க. வந்து பிடுங்கி விடுங்க."

சார் சீசாவைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு ஒன்றும் அடிக்கவில்லையே, எதற்கு அழுகிறாள் என்று நினைத்தேன்.

அந்த வாரமே போட்ட கல்யாணப் பந்தலில் அண்ணன்கள் இருவரும் சேர்ந்தே நின்றார்கள். நான் வந்தவர்களிடமெல்லாம், முதலில் அடிபட்டவன் நானே என்று சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிந்தேன். ஊருக்கெல்லாம் கையில் அடித்த மின்சாரம் எனக்கு மட்டும் ஏன் இடுப்பில் அடித்தது, அதுவும் நகக்குறியோடு, என்று யோசிக்க அப்போது தோன்றவில்லை.