நாரி நோ இல்லாத ஒருவர்

எனக்கு நாரி நோ, அதாவது இடுப்பு வலி, வந்து ஏழு வருடமாகிறது. களுவாஞ்சிக்குடியில் நான் வேலை செய்யும் கந்தோரில் அதை எல்லோரும் நம்பினார்கள், மேலதிகாரியைத் தவிர. லீவுக் கடிதத்தை நீட்டினால் அவர் என் முகத்தை உற்றுப் பார்ப்பார்.

"காய்ச்சலெண்டா தொட்டுப் பாக்கலாம். நாரி நோவ எங்க தம்பி தொட்டுப் பாக்கிற?"

நியாயமான கேள்விதான்.

அந்த நாட்களில் கல்லடியில் இயன்மருத்துவர் ஒருவர், இளம் பெண், நாட்பட்ட நாரி நோக்காரரின் முதுகுத் தசைகளை அளந்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். நானும் பெயர் கொடுத்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, என்னைப் போலவே நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்யும், நோ இல்லாத ஒருவரையும் கூட்டி வரச் சொன்னார். கந்தோரில் விசாரித்தபோது மேலதிகாரியே முன்வந்தார்.

"நான் வாறன். இருவது வருசமா கதிரையிலதான் இருக்கன். ஒரு நோவும் இல்ல. மனசில உறுதி வேணும் தம்பி."

சனிக்கிழமை போனோம். முதலில் எனக்கு. முள்ளந்தண்டின் இரண்டு பக்கமும் பொத்தான் போன்ற ஒட்டிகளை ஒட்டி, வயர் கொழுவி, குனிந்து அப்படியே நிற்கச் சொன்னார். நோ இல்லாதவர் முழுதாகக் குனிந்ததும் அந்தத் தசைகள் ஓய்ந்துவிடுமாம். திரையில் கோடு அடங்கிவிடுமாம். நாரி நோ உள்ள பலருக்கு அது ஓயாதாம். என் கோடு கடைசி வரைக்கும் துள்ளியது. அரசாங்க உத்தியோகத்தன் ஒருவனின் உடம்பில் ஓய்வே எடுக்காத பகுதியொன்று இருப்பதை அறிந்து பெருமையாக இருந்தது.

"அப்ப இவருக்கு நோ இருக்கெண்டு மெசின் சொல்லுதோ?" என்றார் மேலதிகாரி.

"இல்ல சேர். நோவ இதால அளக்கேலாது. தசை வேலை செய்யுதா, ஓயுதா எண்டுதான் காட்டும்."

"பாத்தியா தம்பி!" என்று சொல்லிக்கொண்டே அவர் சேர்ட்டைக் கழற்றினார். உள்ளே, விலாவிலிருந்து இடுப்பு வரைக்கும் அகலமான நாரிப் பட்டி ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது... வயித்துக்கு" என்றார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பட்டியைக் கழற்றி, ஒட்டிகளை ஒட்டினார். மேலதிகாரி குனிந்தார். கை முழங்காலைத் தொட்டதும் நின்றுவிட்டார். திரையில் கோடு என்னுடையதை விட மோசமாகத் துள்ளியது.

"நிமிருங்க சேர்."

"ஏலாது புள்ள. பிடி."

இருவருமாகப் பிடித்து நிமிர்த்தினோம். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"எட்டு வருசம்" என்றார் என்னைப் பார்க்காமல். "அதிகாரி நாரியப் பிடிச்சிக்கிட்டு நடந்தா ஆர் மதிக்கிற?"

அவரைக் கேலி செய்ய ஏழு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வசனங்களை விட்டுவிட்டு, அவருடைய சேர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் அவருடைய படிவத்தை எடுத்து நாரி நோக்காரரின் படிவக் கட்டோடு வைத்தார்.

"நோ இல்லாத ஆக்களத் தேடிப் பிடிக்கிறதுதான் எனக்குப் பெரிய வேலை சேர்."

திரும்பும் பஸ்ஸில் ஒரு இருக்கை காலியாக இருந்தது.

"இரி தம்பி."

"இல்ல சேர், நீங்க இருங்க."

கொண்டக்டர் எங்கள் மரியாதையை மெச்சினார். உண்மையில், இருந்தால் எழும்ப முடியாதென்று இருவருக்கும் தெரியும். களுவாஞ்சிக்குடி வரைக்கும் நின்றபடியே எந்த எண்ணெய் நல்லதென்று கதைத்துக்கொண்டு வந்தோம். அதன் பிறகு என் லீவுக் கடிதங்களில் அவர் கேள்வி கேட்காமல் ஒப்பமிட்டார். மற்றவர்களுடையதில் கேள்வி கேட்டுத்தான் ஒப்பமிட்டார்.