சாக்கு போட்டு மூடிய சாடி

ஜொகூரில் தம்போய்க்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் என் கணவர் கிராணியாக, ஆபீசில் கணக்கெழுதுபவராக இருந்தார். அங்கே தோட்டம் என்று சொன்னால் ரப்பர் தோட்டம்தான். அதனால் வீட்டுக்குப் பின்னால் நான் போட்டிருந்த காய்கறிப் பாத்திகளைக் கொல்லை என்றே சொல்வோம். கத்தரி, வெண்டை, தண்டுக்கீரை, பந்தலில் ஒரு புடலை. சாமிக்கு வைக்கக் கனகாம்பரமும் செவ்வந்தியும் ஓரமாக ஒரு வரிசை. பெரிய கொல்லை இல்லை. பத்து எட்டு வைத்தால் வேலி வந்துவிடும். ஆனாலும் கல்யாணமாகி வந்த இரண்டு வருஷத்தில், இது என் கையால் ஆனது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது அது ஒன்றுதான். பெண் குழந்தை பிறந்து ஒன்றரை வயதாகியிருந்தது. ஆனால் அவள் என் கையால் ஆனவள் என்று சொல்லிக்கொள்ளத் துணிச்சல் வரவில்லை. அவளுக்குச் சோறு போதவில்லையோ, அதிகமாகிவிட்டதோ, துணி மெல்லிசோ, கனமோ என்று நாள் முழுக்க எனக்குள்ளே ஒரு விசாரணை நடந்துகொண்டேயிருக்கும்.

ஊரிலிருந்து தபாலில் வரும் பஞ்சாங்கத்தில் சித்திரை கடைசியில்தான் கத்திரி வெயில் தொடங்கும். ஜொகூரில் அந்தக் கணக்கு செல்லாது. மாசி பிறக்கிற சமயத்தில் ரப்பர் மரங்கள் சிவந்து, பழுத்து, ஒரே வாரத்தில் எல்லா இலையையும் கொட்டிவிடும். அதுவரை எங்கள் வீட்டுக்கு நிழல் கொடுத்த மரங்கள் குச்சிகளாக நிற்கும். மழையும் சொல்லிவைத்தாற்போல் நின்றுவிடும். வெயில் நேராகக் கொல்லையில் வந்து விழும். அதுதான் எங்கள் கோடை.

அந்த வருஷக் கோடையில் கிணற்றுத் தண்ணீர் அடியில் போய்விட்டது. கிணறோ மேட்டுக்குக் கீழே இருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு குடம் கொண்டுவந்தால் பாதி என் புடவையில் இருக்கும். சாயங்காலம் பார்த்தால் கத்தரிச் செடிகள் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். எனக்கு மனசு தாங்காது. கிணற்றில் விடியற்காலையில் கொஞ்சம் ஊறும் தண்ணீரைப் பிடித்து வைக்க, சீனக் கடையில் வாங்கிய பழுப்பு நிறச் சாடி ஒன்றைப் புடலைப் பந்தலுக்கு அடியில் பாதி புதைத்து வைத்தேன்.

தோட்டத்தில் அது கூடாது. வீட்டைச் சுற்றி எங்கே தண்ணீர் தேங்கினாலும் கொசு முட்டையிடும், காய்ச்சல் வரும் என்பதால், வாரத்துக்கு ஒரு நாள் முதுகில் தகரத்தைக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்து வாய்க்கால், பள்ளம் எல்லாவற்றிலும் மருந்தெண்ணெய் அடித்துவிட்டுப் போவார். யார் வீட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது என்று அவர் வந்து சொல்ல, அந்தப் பெயர்களைத் துரைக்கு எழுதிக் கொடுப்பது என் கணவரின் வேலை.

எனக்கு இதெல்லாம் தெரியாதா? மிஷன் பள்ளிக்கூடத்தில் கொசுவின் நான்கு பருவங்களையும் பலகையில் வரைந்து டீச்சரிடம் நல்ல பேர் வாங்கியவள் நான். ஆனால் சாடியில் எண்ணெய் விழுந்தால் அந்தத் தண்ணீரை நாற்றுக்கு ஊற்ற முடியாது. அதனால் எண்ணெய்க்காரர் வரும் நாளில் சாடியின் மேல் இரண்டு சாக்கை மடித்துப் போட்டு, புடலைக் கொடியை இழுத்து அதன் மேல் விட்டேன். மூடித்தானே இருக்கிறது, கொசு எப்படி உள்ளே போகும் என்று எனக்கு நானே பாடம் சொல்லிக்கொண்டேன்.

ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிவிட்டு மத்தியானம் வந்து எனக்கு வீட்டு வேலையில் உதவும் அக்கா ஒருத்தி உண்டு. பாத்தி கொத்திக் கொடுத்தவளும் அவள்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், வாய்த் துடுக்கு அதிகம். சாக்கைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏங் கிராணியம்மா, போன மாசம் என் வாசல்ல ஒரு செரட்டைத் தண்ணி கெடந்துச்சுன்னு ஐயா என் பேர எழுதிட்டாரு. இந்தச் சாடிக்கு எத்தனை பேர எழுதுவாரு?"

"மெதுவா பேசுங்கக்கா. அவருக்குத் தெரியாது."

"அதான் பாத்தேன். கத்தரிக்காய்க்குச் சாக்குல சட்டை தச்சுப் போட்டிருக்கீங்களே, குளிருதோன்னு!" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். யாரிடமும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் நன்றாயிருக்குமே என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம் மூன்று மணிக்குக் குழந்தைக்கு நடுக்கம் கண்டது. உதடு நீலம் பாரித்து, சின்னப் பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. மூன்று போர்வை போட்டும் நிற்கவில்லை. அப்புறம் உடம்பு அனலாகி, இருட்டுவதற்குள் வேர்த்துக் கொட்டி அடங்கிவிட்டது. மறுநாள் எழுந்து ஒன்றும் நடக்காதது போல விளையாடினாள். "பல்லு மொளைக்கிற சூடா இருக்கும்" என்றார் என் கணவர். நானும் ஆமாம் என்றேன். ஆமாம் என்று சொன்ன வாய் எனக்குச் சுட்டது. அவர் ஆபீசுக்குப் போனதும் கொல்லைக்கு ஓடிச் சாக்கை எடுத்துப் பார்த்தேன். பலகையில் நான் வரைந்த அதே புழுக்கள், கமா கமாவாக, தண்ணீரில் நெளிந்தன. சாக்கு ஒரு பக்கம் உள்ளே தொய்ந்து, விரல் நுழையும் இடைவெளி விட்டிருந்தது.

அப்போதே சாடியைக் கவிழ்த்திருக்கலாம். கவிழ்க்கவில்லை. கவிழ்த்துவிட்டால், நான் செய்ததை ஒளித்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. சொல்லிவிட்டுக் கவிழ்க்கலாம் என்று வைத்துக்கொண்டேன். சொல்லவும் வாய் வரவில்லை. அன்று முழுக்க அவளைத் தூக்கிக்கொண்டே நடந்தேன்.

அதற்கு அடுத்த நாள், அதே மூன்று மணிக்கு, அதே நடுக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் அது எந்தக் காய்ச்சல் என்று அந்தத் தோட்டத்தில் கைக்குழந்தைக்காரிக்குக்கூடத் தெரியும். கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் போன வருஷம் அதே காய்ச்சலில் இரண்டு குழந்தைகள் போயிருந்தன. அக்காதான் ஆபீசுக்கு ஓடினாள். என் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசரையும் கூட்டிக்கொண்டு வந்தார். டிரசர் குழந்தையின் இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். மலேரியாதான், கொயினா மருந்து கொடுக்க வேண்டும் என்றார்.

நான் என் கணவர் முகத்தைப் பார்க்காமல், "கொல்லையில தண்ணி தேக்கி வச்சிருந்தேன். மூடி ஒளிச்சு வச்சிருந்தேன். அதனாலதான் வந்திருக்கு" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

டிரசர், "எங்கே, காட்டுங்க" என்று எழுந்தார். பந்தலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாடிக்குள் நெடுநேரம் பார்த்தார்.

"அம்மா, இங்க வந்து பாருங்க. இந்தப் புழு எப்படி நிக்குது?"

"தலைகீழா தொங்குது."

"காய்ச்சல் கொசுப் புழு தொங்காது. தண்ணிக்கு மட்டமா, மெதக்குற மாதிரி படுத்திருக்கும். ஓடையில, வெயில் படுற ஊத்துல இருக்கும். சாடியில இருக்காது. இது சும்மா கடிக்கிற கொசு. காய்ச்சல் கொசு இல்லை."

"அப்ப என்னால இல்லையா?"

"இதனால இல்லை" என்றார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "ஆனாலும் கவிழ்த்துடணும். சட்டம் சட்டம்தான்" என்றார்.

அவர் சொன்னது சரியா, அல்லது என் அழுகையைப் பார்த்துவிட்டுச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்டு அவர் கொஞ்சம் தயங்கியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்ற பயத்தில் கேட்கவில்லை.

என் கணவரே சாடியைப் பிடுங்கிக் கவிழ்த்தார். தண்ணீர் கத்தரிப் பாத்திக்குள் ஓடியது. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, "நம்ம வீட்டையும் எழுதணுமே" என்றார், என்னிடம் அனுமதி கேட்பது போல.

"எழுதுங்க."

"கோவிச்சுக்க மாட்டியே?"

"எழுதாட்டாத்தான் கோவிச்சுக்குவேன்" என்றேன். அன்று நான் தயங்காமல் சொன்ன ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

கொயினா கசப்பு. வாழைப்பழத்தில் மசித்து வைத்தால் பழத்தை மட்டும் தின்றுவிட்டு மருந்தைத் துப்புவாள். தேனில் குழைத்து நாக்கின் பின்னால் தடவி, மூக்கைப் பிடித்து விழுங்க வைப்பேன். விழுங்கியதும் என்னைப் பார்ப்பாள். கொல்லையை நான் மறந்தே போனேன். காயட்டும் என்று விட்டுவிட்டேன். செடிகளைப் பார்த்தாலே குற்றம் செய்த இடத்தைப் பார்ப்பது போல இருந்தது.

டிரசர் வந்துபோன மறுநாள் விடிகாலையில் வெளியே சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். என் கணவர், ஆபீசுக்குப் போட்டுக்கொள்ளும் கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, சீனக் காய்கறித் தோட்டக்காரர்கள் செய்வதைப் போல ஒரு கம்பின் இரண்டு முனையிலும் மண்ணெண்ணெய்த் தகரங்களைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு மேடேறி வந்தார். பழக்கமில்லாததால் தகரங்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் ஆடின. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

"கிராணி ஐயா தண்ணிக் காவடி எடுக்குறாருடோய்!" என்று அக்கா கூவினாள். "கூட நாங்க மேளம் அடிக்கவா?"

"வழியை விடு, சிந்துது" என்றார் அவர், பாதி சிரிப்பும் பாதி மூச்சிரைப்புமாக. தகரத்தில் இருந்ததைச் செடிகளுக்கு அங்கேயே ஊற்றிவிட்டு, ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்காமல் தகரங்களைக் கவிழ்த்து வைத்தார்.

காய்ச்சல் வர வேண்டிய நாள் வந்தது. மத்தியானம் வீட்டுக்குள் என்னால் இருக்க முடியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லையில் போய் உட்கார்ந்தேன். ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டில் மூன்று அடித்தார்கள். அவளுடைய விரல் நகங்களைப் பார்த்தேன், நீலம் இல்லை. உதட்டைப் பார்த்தேன். நெற்றியைத் தொட்டேன். அவள் கீரையைக் கொத்தாகப் பிடுங்கி வேரோடு ஆட்டிக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் வந்தார். "ஒரு காகிதத்தை வீட்டுல மறந்து வச்சுட்டேன்" என்றார். வீட்டுக்குள் போகாமல் என் பக்கத்திலேயே நின்றார்.

"தேடலையா?"

"தேடுவேன்."

மூன்றரை இருக்கும். அவள் சட்டைக்குள் கையை விட்டேன். முதுகு நனைந்திருந்தது. "வேர்க்குதுங்க" என்றேன்.

அவரும் தொட்டுப் பார்த்தார். "வெயில்ல உக்காந்தா வேர்க்காதா? நமக்கும்தான் வேர்க்குது."

"அப்படின்னா நிழலுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பாப்போம்."

வீட்டுத் தாழ்வாரத்து நிழலுக்கு அவளைத் தூக்கிப் போனார். நெற்றியில் என் கையும் முதுகில் அவர் கையுமாக நின்றோம். தண்டவாளத்தில் நான்கு அடித்தார்கள். எங்கள் கைகளுக்கு அடியில் வேர்வை மெல்ல உலர்ந்து, தோல் குளிர்ந்துகொண்டே வந்தது; நடுக்கம் வரவில்லை. போதும் என்று அவள் எங்கள் இரண்டு பேர் கையையும் தள்ளிவிட்டு, அவர் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, பாத்தியைப் பார்த்து நடந்தாள்.