ஸ்பின்ஸ்டர் சீதேவிப்பிள்ளை

பெரியகல்லாற்றுச் சீதேவிப்பிள்ளை கலியாணம் முடித்தவளா, இல்லையா என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், உனக்கென்ன பைத்தியமா என்றுதான் பதில் வந்திருக்கும். இரண்டு குடியாரும் கூடியிருக்க, அழகரத்தினத்தின் கலத்தில் அவள் சோறு போட்டாள். அவன் உண்டான். அந்தப் பக்கத்தில் அன்றைக்குக் கலியாணம் என்றால் அதுதான். பிறகு அவன் வாவியில் வலை வீசினான், அவள் மீன் விற்றாள், மூன்று பெண்களைப் பெற்றார்கள். அரசாங்கக் கந்தோரில் போய்ப் பதிகிற எண்ணம் எவருக்கும் வரவில்லை. கந்தோர் காணிக்கும் வழக்குக்கும் உரிய இடம். சோற்றுக்கு அங்கே என்ன வேலை?

1937 மாரியில் அழகரத்தினத்தின் இருமலோடு இரத்தம் வந்தது. தோணியில் மட்டக்களப்புக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சுநோய்க்காரரைத் தனியே வைத்திருந்த ஓர் ஆசுப்பத்திரியில் அவனைப் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். தொற்றுகிற நோய் என்பதால், சட்டப்படி மனைவியானவளைத் தவிர வேறு யாரும் உள்ளே போகக்கூடாதாம்.

"நான்தான் மனிசி" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"சேட்டிபிக்கேற் இருக்கா?" என்று கேட்டார் கிளாக்கர்.

"சோறு குடுத்து முடிச்சனாங்க ஐயா."

"சோத்துக்கடைக்காரனும்தான் சோறு குடுக்கிறான்" என்று சொல்லி, தன் பகடிக்குத் தானே சிரித்துக்கொண்டார். படித்த மனிதர் அல்லவா.

அவள் வாசலை விட்டு நகரவில்லை. அவன் பிழைக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். போகிறபோது பக்கத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. காத்தான்குடி முத்தலிப் அங்கே பியோனாக இருந்தான். அவனுக்குத்தான் மனம் பொறுக்கவில்லை.

"இப்பயும் கலியாணம் எழுதலாம் தங்கச்சி. றெஜிஸ்தார் ஐயா கட்டிலடிக்கே வருவாரு, நான் சொல்லிவெக்கிறன். எழுதி முடிஞ்சா உன்ன ஒருத்தரும் தடுக்க ஏலாது."

றெஜிஸ்தார் வந்தார். அவருக்குப் பின்னால் அவளையும் உள்ளே விட்டார்கள். அழகரத்தினம் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். அவளைக் கண்டதும் அவன் கண் கலங்கியது. றெஜிஸ்தார் முக்காலியில் உட்கார்ந்து, சொல்லிச் சொல்லி எழுதினார். சீதேவிப்பிள்ளை என்ற பெயருக்குப் பக்கத்தில், ஸ்பின்ஸ்டர் என்று எழுதினார்.

"அது என்ன ஐயா?"

"கலியாணம் முடிக்காத பொம்பிள எண்டு கருத்து. இங்கிலீசில மரியாதையான சொல்லுத்தான்."

"என்ட மூத்தவள் பெரியபுள்ளையாகிட்டாள் ஐயா."

"அது வேற. கையடையாளம் வெக்கிற வரைக்கும் சட்டத்துக்கு நீ ஸ்பின்ஸ்டர். முடிச்சவளத் திரும்ப முடிச்சுவெக்க என்னால ஏலாதே."

மனைவி ஆகவேண்டுமானால், இதுவரை மனைவியே இல்லை என்று முதலில் ஒத்துக்கொள்ளவேண்டும். சட்டம் செய்தவர்களுக்கு இது உறுத்தவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மட்டக்களப்பில் பிள்ளைகளுக்குக் குடி என்கிற குலப்பெயர் தாய்வழியாக வருவது. தாயே முடிக்காதவள் என்று அரசாங்கம் எழுதிவைத்தால், மூன்று குமரையும் யார் கேட்டு வருவார்கள்? கட்டிலைப் பார்த்தாள். அவன் உதடு காய்ந்து வெடித்திருந்தது. கூசினால் கூசட்டும் என்று பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள்.

றெஜிஸ்தார் கடுதாசியை அழகரத்தினத்தின் பக்கம் நீட்டினார். அவன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

"என்ட மனிசிய முடிக்காதவள் எண்டு எழுதின கடுதாசியில நான் கை வெக்கமாட்டன்."

"இஞ்சாருங்க, நானே வெச்சிட்டன். உங்களுக்கென்ன?"

"நீ வெப்பாய். எனக்காக எதையும் செய்வாய். நான் போயிருவன், நீதான் அந்த ஊருக்குள்ள இருக்கவேணும். புள்ளையளுக்குப் பேர் வேணும்."

அவள் அவன் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். வாயில் வந்தபடி ஏசினாள். அழுதாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். மாப்பிள்ளைக்குச் சம்மதமில்லாமல் எழுத ஏலாது என்று றெஜிஸ்தார் பேனையை மூடினார். எழுத்து நடக்காதபடியால் அவளுக்கு அங்கே நிற்க உரிமையும் இல்லை. முத்தலிப்தான் அவளை வெளியே கூட்டிவரவேண்டியிருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு மதிலோடு ஒட்டி நின்றுகொண்டு, உள்ளே கேட்கிற இருமல்களில் அவனுடையது எது என்று காது கொடுத்துக் கேட்பதே அவளுக்கு வேலையாயிற்று. ஒரு மத்தியானத்தோடு அது நின்றுபோனது. அந்நேரம் அவனருகில் யாரும் இருக்கவில்லை என்று முத்தலிப் பின்னர் சொன்னான்.

ஊர் அழகரத்தினத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. ஆம்பிளை என்றால் அவன்தான், சாகிற நேரத்திலும் பெண்டாட்டியின் மானத்தைக் காத்தான் என்று சொல்லாத ஆள் இல்லை. மூன்று பெண்களும் நல்ல இடங்களில் வாழ்க்கைப்பட்டார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட அவன் பேச்சைத்தான் முதலில் எடுத்தார்கள். சீதேவிப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மீன் வெட்டுவாள்.

"ஓம், மானத்தக் காத்தாருதான்" என்பாள். "நான் அதயா கேட்டனான்? அந்த வாயில ரெண்டு சொட்டுத் தண்ணி விடத்தான் கேட்டனான்."