ஏரியில் போன மூத்தவள்

அப்பா உயிரோடு இருந்தவரை மகளுக்கு அவர்மேல் ஒரே ஒரு புகார்தான். ஒரே பிள்ளையாகப் பிறந்தும் அவள் அந்த வீட்டில் இளையவள்.

மூத்தவள் ஏரியில் இருந்தாள். தூர்வாரும் மிதவைகளை இழுத்துப் போகும் சின்ன இரும்புப் படகு. மகள் பிறப்பதற்கு முன்பே அப்பா வாங்கியது. "மூத்தவளுக்கு இருமல்" என்றால் இன்ஜினில் கோளாறு. "மூத்தவளக் குளிப்பாட்டணும்" என்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடு தங்கமாட்டார்.

"சக்களத்தியா இருந்தா ஒரு கை பாத்திருப்பேன்," என்பாள் அம்மா. "மகளாப் போயிட்டா. திட்டவும் முடியல."

மகள் படித்து, பம்பு வடிவமைக்கும் பொறியாளர் ஆனாள். அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "இளையவ கெட்டிக்காரி. மூத்தவதான் படிப்பு ஏறாம நின்னுட்டா."

சூறைக்காற்று வந்த மத்தியானம் படகில் அப்பாவும், இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் மாமாவும் இருந்தார்கள். மாமா அம்மாவின் தம்பி. பின்னால் கயிற்றில் ஆளில்லாத மிதவை. காற்று சட்டென்று திசை மாறி மிதவையைப் பக்கவாட்டில் தள்ளியது. கயிறு நேர் பின்னால் இழுத்தால் படகின் வேகம் குறையும். பக்கத்திலிருந்து இழுத்தால் படகு சாயும். மகளுக்கு இது ஒரு வரிக் கணக்கு. மாமா கயிற்றை அறுத்து முடிப்பதற்குள் இன்ஜின் அறையில் தண்ணீர் ஏறிவிட்டது.

மாமா குதித்துவிட்டார். அப்பா சுக்கானை விடவில்லை.

"அத்தான், குதிங்க!"

"இருடா. நிமிந்துடுவா. மூத்தவ இதுக்கெல்லாம் அசரமாட்டா."

"அவ போயிட்டா அத்தான்!"

"நீ போ. நான் வர்றேன்."

"நீங்க இல்லாம அக்கா முன்னால போய் நிக்கச் சொல்றீங்களா? அதுக்கு நானும் படகுலயே ஏறிக்கிறேன்!"

சொன்னதோடு நில்லாமல் மாமா படகை நோக்கி நீந்தவும் ஆரம்பித்தார். அதைப் பார்த்துத்தான் அப்பா குதித்தார். இருவரும் விலகிய சற்று நேரத்தில் படகு கவிழ்ந்து அடியில் போயிற்று. ஒரு மீன்காரர் அவர்களைக் கரை சேர்த்தார்.

அப்பா இறந்தபிறகு மாமா இதை அடிக்கடி சொல்கிறார். மகள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்கிறாள்.

படகு மூழ்கிய மறுநாள் எதிர்வீட்டு டெய்லர் வந்தார். தெருவுக்குப் புதியவர். 'மூத்தவ ஏரியில போயிட்டா' என்று யாரோ பேசியது காதில் விழுந்து, துக்கம் விசாரிக்க வந்திருந்தார்.

"என்ன வயசுங்க?"

"முப்பத்தொண்ணு," என்றார் அப்பா.

"கல்யாணம்?"

"இல்ல. ராப்பகலா வேலை வேலைன்னே இருந்தா."

சமையலறையில் அம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் விஷயத்தை உடைத்துச் சொல்ல எழுந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். அவர் விளையாடவில்லை.

"படம் எதுவும் இருக்குங்களா?"

அப்பா போனை நீட்டினார். டெய்லர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு படகு. விரலால் பெரிதாக்கி, ஜன்னலுக்குள்ளே தேடினார். பெண் யாரும் இல்லை. நிமிர்ந்தார். அப்பாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. டெய்லர் திரும்பவும் படத்தைப் பார்த்தார், இம்முறை நிதானமாக.

"லட்சணமாத்தான் இருந்திருக்கா," என்றார்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் புகை விடுவா. மத்தபடி தங்கம்."