ஆரணிப் பூனைக்கு எண்ணெய்

மாட்டுக்கு நோய் வந்தால் ஆரணியில் டாக்டர் சொல்வதைக் கேட்பார்கள். பூனைக்கு வந்தால் டாக்டர்தான் ஊரார் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டும். பூனை வளர்ப்பவர்களே, காலையில் எழுந்ததும் ஈரமான முடி உருண்டையை மிதித்து முகம் சுளித்தவர்களே, கால்நடை டாக்டரான என் பாடு உங்களுக்குப் புரியும்.

சமையல் குறிப்பு

எலி பட்டு நூலைக் கடித்துவிடும் என்பதால் தறி வீடுகளில் பூனைக்குத் தனி மரியாதை. நெசவாளர் முருகேசனும் அவர் மனைவி தனலட்சுமியும் தங்கள் பூனை பொன்னியைக் கட்டைப்பையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பொன்னி இருமுகிறதாம், கக்குகிறதாம், யாரோ கண் வைத்துவிட்டார்களாம்.

கண்ணும் இல்லை, காதும் இல்லை. உடம்பை நக்கி நக்கி முடி வயிற்றில் சேர்ந்திருக்கிறது என்றேன். தினமும் சீப்பால் வாரிவிடுங்கள், சோற்றில் துளி மீன் எண்ணெய் கலந்து பாருங்கள், வாயில் மட்டும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும் என்று எச்சரித்தேன். முருகேசனுக்கு மனசே ஆறவில்லை.

"ஊசி போடுவீங்கன்னு ஆட்டோ வெச்சிகினு வந்தா, சமையல் குறிப்பு சொல்றீங்களே டாக்டரம்மா!"

மீனுக்குத் தடை

தேசூரில் நெல் மண்டி வைத்திருக்கும் ஜைனர் ஒருவரின் பூனைக்கும் இதே தொல்லை. மீன் எண்ணெய் என்று நான் வாயெடுத்ததுமே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சரி, துளி நெய் கலந்து பாருங்கள் என்று இறங்கி வந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மண்டியில் அது எலி பிடிக்குமே என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அது அதோட கர்மம்ங்க. நாங்களா புடிச்சிக் குடுக்கறோம்?"

சனிக்கிழமைக் குளியல்

அடுத்த முறை பொன்னி வந்தபோது உச்சி முதல் வால் வரை நல்லெண்ணெய் சொட்டியது. மீன் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் கலந்து வைத்த சோற்றை அது முகர்ந்துவிட்டுப் போய்விட்டதாம். எண்ணெய் வீணாகக் கூடாதென்று தனலட்சுமி உடம்பெல்லாம் தேய்த்துவிட்டார். பொன்னி என்ன செய்யும்? அவ்வளவையும் நக்கித் துடைத்தது. முன்னைவிட இரண்டு பங்கு முடி உள்ளே போயிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். தனலட்சுமி திருப்பிக் கேட்டார்.

"வயித்துச் சூட்டுக்கு நாங்கல்லாம் தலைக்குத்தானே வெச்சிக்கிறோம்? அது மட்டும் என்ன, தனியா?"

தொங்கிய நூல்

மறுவாரம் இருவரும் ஓடி வந்தார்கள். பொன்னியின் வாயோரம் நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. முருகேசன் ஒரு கையில் அந்த நூலைப் பிடித்திருந்தார், மறு கையில் விளக்கெண்ணெய் பாட்டில். "வழுக்கிகினு வந்துடும்ங்க" என்று இழுக்கப் போனார்.

"கையை எடுய்யா!" என்று கத்தினேன். முடிக்குச் சொன்ன எண்ணெய் நூலுக்கு ஆகாது. அடிநாக்கிலோ குடலிலோ சிக்கிய நூலை இழுத்தால் குடலையே அறுத்துவிடும். மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறந்தேன். வெளியே தனலட்சுமி, "தறிக்கடியில நூலப் போடாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்! எங்கொழந்த போச்சே!" என்று கணவரைத் திட்டித் திட்டி அழுதார். போட்ட தையலை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தேன். பொன்னியை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

பிழைத்துக்கொண்டது. கண் திறந்து ஈனக் குரலில் ஒரு மியாவ். தனலட்சுமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முருகேசனைக் காணோம். தட்டில் நான் எடுத்து வைத்த நூலைக் குழாயடியில் அலசி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் தறி நூல் இல்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் நிம்மதி. அடுத்த நொடி கண் விரிந்தது. எதிர்வீட்டுக்காரர் புது டிசைன் ஒன்றை யார் கண்ணிலும் படாமல் கதவைச் சாத்திக்கொண்டு நெய்கிறாராம். அந்த வீட்டுக்குள் தடையில்லாமல் போய்வருவது பொன்னி மட்டும்தான். முருகேசன் என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"இது பொடவையோட உடல் கலருங்க. உள்ள இன்னும் ஏதாச்சும் இருக்குதா பாருங்க, பார்டர் என்னா கலருன்னு தெரிஞ்சிடும்."

இந்த ஊரில் பூனையின் வயிற்றுக்குள் எண்ணெய் போகிறது, முடி போகிறது, பட்டும் போகிறது. யார் காதுக்குள்ளும் போகாதது நான் சொல்வது மட்டும்தான்.