சேவ் பண்ணாத ஒரு வரி

இரண்டு வருஷத்துக்கு முந்தி, ஆயுத பூஜை முடிந்த கையோடு, திருப்பதியில் நான் வேலை பார்க்கும் ஆபீஸில் நடந்தது இது. சின்ன நெட்வொர்க் கம்பெனி. தினமும் புத்தூரில் ரயில் ஏறிப் போய் வருவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யார் தப்பு செய்தாலும் பட்டென்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். அதில் ஒரு பெருமை வேறு!

எங்கள் லேபில் ஆறு ரவுட்டர்கள் ஒரே ரேக்கில் இருக்கும். கஸ்டமருக்குப் போடப்போகிற நெட்வொர்க்கை முதலில் அங்கே கட்டிப் பார்ப்போம். பார்சல் ஆபீஸில் மூட்டை மேல் சீட்டு ஒட்டி அனுப்புவார்களே, அந்த மாதிரி டேட்டா மேல் ஒரு லேபிள் ஒட்டி ரவுட்டருக்கு ரவுட்டர் தள்ளிவிடும் முறை. அதற்குப் பக்கத்துப் பக்கத்து ரவுட்டர்கள் ஒன்றையொன்று ‘நெய்பர்’ என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் லேபிள் ஒட்டுகிற பேச்சே இல்லை.

லேபைப் பார்த்துக்கொள்ள ஓர் அண்ணா இருந்தார். ராமகுப்பத்துக்காரர். கான்ட்ராக்ட் வேலைதான், ஆனால் அந்த மாசம் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி மனைவியையும் மகளையும் ஊரிலிருந்து அழைத்து வந்து, மகளைத் திருப்பதியிலேயே ஒண்ணாங்கிளாஸில் சேர்த்திருந்தார். பர்மனென்ட் ஆனதும் எல்லோருக்கும் பிரியாணி என்று வேறு சொல்லி வைத்திருந்தார்.

எங்கள் ஆபீஸில் ஆயுத பூஜை என்றால் ரேக்குக்கும் உண்டு. எல்லா ரவுட்டரையும் ஆஃப் செய்து, ஒயர்களைக் கழற்றித் தூசி தட்டி, சந்தனம் குங்குமம் வைப்போம். ஆஃப் செய்வதற்கு முன் அண்ணா என்னிடம் வந்தார். “மேடம், எல்லாத்துலயும் சேவ் பண்ட்டீங்களா? ஆஃப் பண்ணப் போறேன்.” ரவுட்டரில் நாம் அடித்ததை சேவ் செய்யாவிட்டால் கரண்ட் போனதும் அது மறந்துவிடும், அதனால்தான் கேட்டார். நான் பொரியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். “எல்லாம் ஆச்சுண்ணா, நீங்க பண்ணுங்க” என்றேன். தலையைக்கூடத் தூக்கவில்லை.

லீவு முடிந்து வந்த அன்று பதினோரு மணிக்குக் கஸ்டமர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நாலாவது ரவுட்டரும் ஐந்தாவது ரவுட்டரும் நெய்பர் ஆகவே இல்லை. ‘நான் இருக்கிறேன்’ என்று ஒன்று அனுப்பும் ஹலோ மற்றதற்குக் கேட்கிறது, அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை. எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு மணி நேரம் எதையெதையோ தட்டிப் பார்த்தேன். அவர்கள் வாட்சைப் பார்த்தார்கள், எழுந்தார்கள், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று போய்விட்டார்கள்.

மேனேஜர் என்னையும் அண்ணாவையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, யார் வேலை இது என்று கேட்டார். என் வாய்தான் முந்திக்கொண்டதே! ஒயரைக் கழற்றி மாட்டினவர் அண்ணாதான், மாற்றிச் சொருகியிருப்பார் என்றேன். சத்தியமாக அப்போது அப்படித்தான் நினைத்தேன். அண்ணா பதறிப்போய், ஒவ்வொரு ஒயருக்கும் நம்பர் போட்டுத்தான் கழற்றினேன், சேவ் ஆயிற்றா என்று மேடத்தையும் கேட்டேன் என்றார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “என்னை யாரும் கேட்கல சார்” என்று சொல்லிவிட்டேன்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அண்ணாவிடம் சொல்லிவிட்டார். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, தன் சாமான்களை எடுத்துவைக்கப் போனார்.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. தனியாக லேபுக்குப் போய் ஒவ்வொரு ஒயராகப் பார்த்தேன். அவர் கையெழுத்தில் நம்பர் ஒட்டியிருந்தது, ஒன்றுகூட இடம் மாறவில்லை. அப்புறம் ஐந்தாவது ரவுட்டரைத் திறந்தேன். பூஜைக்கு முந்தின நாள் நான் சேர்த்த ஒரு வரி அங்கே இல்லை. இந்த ரவுட்டரின் விலாசத்துக்கு வழி இதுதான் என்று மற்ற ரவுட்டர்களுக்குச் சொல்லும் வரி அது. அது இல்லாததால், ஹலோ கேட்டும் நாலாவது ரவுட்டருக்கு வந்து பேச வழி தெரியவில்லை. அந்த வரியை மறுபடி அடித்தேன். கொஞ்ச நேரத்தில் நெய்பர் வந்துவிட்டது.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். அண்ணா கேட்டில் நின்று, கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றி செக்யூரிட்டியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மாடிதான். ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஓடவில்லை. என் வேலை போய்விடுமோ என்ற பயம். வேறு சாக்கு எதுவும் என்னிடம் இல்லை. இந்தத் தடவை மறக்காமல் சேவ் மட்டும் செய்தேன்.

ஏழெட்டு மாசம் கழித்து, எங்கள் நைனா வண்டியிலிருந்து விழுந்து தோள்பட்டை பிசகிவிட்டது. எலும்புக்குக் கட்டுப் போடப் புத்தூரிலேயே ஓரிடத்துக்கு அழைத்துப் போனேன். வரிசையில் அண்ணா! வலது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. வடமாலபேட்டைப் பக்கம் ஒரு குடோனில் லோடு இறக்கும்போது மூட்டை சரிந்துவிட்டதாம். எங்களைப் பார்த்ததும் எழுந்து, “மெதுவா ஒக்காரு நைனா” என்று இடது கையால் என் அப்பாவைத் தாங்கித் தன் இடத்தில் உட்கார வைத்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலேயே அழுதுவிட்டேன். “அன்னிக்கு நான் சேவ் பண்ணலண்ணா. நீங்க கேட்டீங்க. நான் பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

“அன்னிக்கே தெரியும் மேடம்” என்றார். குரலில் கோபமே இல்லை. “நீங்களே போன் பண்ணுவீங்கன்னு நாலு நாள் போனைக் கையிலயே வெச்சிக்கினு இருந்தேன். அப்பறம் ஊட்டக் காலி பண்ணிக்கினு, பொண்ணை இஸ்கூல்லருந்து நிறுத்திக்கினு ஊருக்குப் பூட்டோம். இப்போ நான் மட்டும் வேலைக்கு இந்தப் பக்கம் வந்துக்கீறேன்.”

உள்ளேயிருந்து அவர் நம்பரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

மறுநாள் காலையிலேயே மேனேஜரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த இடத்துக்கு எப்போதோ ஆள் போட்டாயிற்று, இனி அதைக் கிளறாதே அம்மா என்று தெலுங்கில் சொல்லிவிட்டு லேப்டாப்பைப் பார்க்க ஆரம்பித்தார். அண்ணாவுக்கும் போன் செய்தேன். முழுசாக ரிங் போனது, எடுக்கவில்லை.

ஊரார் தப்பையெல்லாம் முகத்துக்கு நேரே சொன்ன இந்த வாய்க்கு, அந்த நாலு நாளில் என் தப்பை ஒரே ஒரு நிமிஷம் சொல்ல வரவில்லையே என்று, லேபில் ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.