அம்மா வெட்டிய திடல்

நாலாம் ஆண்டு படிக்கும்போது, ஒரு திங்கட்கிழமைக் காலையில், பள்ளி முழுவதும் கேட்கும்படி நான் ஒரு பொய் சொன்னேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஒரு திடல் இருந்தது. சுற்றிலும் சரிவாகவே இருக்கும் ஊரில் சமமாகக் கிடைத்த கையகல நிலம் அது. மழை ஓயாத இடமாதலால் மூன்று வாரம் வெட்டாமல் விட்டால் புல் முழங்காலைத் தொட்டுவிடும். அந்த ஆண்டு பள்ளியின் புல்வெட்டும் மெஷின் ஒரு கல்லில் மோதி நின்றுபோனது. தானா ராத்தா டவுனில் மெஷின் பழுதுபார்க்கும் ஒரு கடைக்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், உள்ளே தண்டு வளைந்துவிட்டது, இஞ்சினையே மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பள்ளிக்கு வசதியில்லை. அதனால் விளையாட்டுப் போட்டியைப் பிரிஞ்சாங் ஊரில் இன்னொரு பள்ளியோடு சேர்ந்து நடத்தலாம் என்று பேச்சு எழுந்தது. அவ்வளவு தூரம் லயன் வீடுகளில் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் தோட்டத்துச் சனங்கள் வரப்போவதில்லை. யாருமே பார்க்காத இடத்தில் ஓடி என்ன பயன் என்பது என் கவலை.

அம்மா தோட்டத்தில் புல் வெட்டுபவர். முதுகில் மெஷினைச் சுமந்து, தேயிலை வரிசைகளின் ஓரமும் லோரிப் பாதையின் ஓரமும் வெட்டிக்கொண்டே போவார். மெஷின் நின்றுவிட்டால் ஃபிட்டர் வரும்வரை மழையில் காத்திருக்கப் பிடிக்காமல், தானே பிளக்கைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்து, போகப்போக கார்பரேட்டர் வரைக்கும் கை வைத்துவிட்டார். பள்ளி மெஷினின் கதையைக் கேட்டதும் தலைமையாசிரியரிடம் போய், “நான் ஒரு தடவ தொறந்து பாக்கட்டுமா சார்?” என்று கேட்டார். இனிமேல் கெடுவதற்கு அதில் ஒன்றுமில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். உடனே சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அதைக் கொழுந்து லோரியில் ஏற்றி வந்து வீட்டின் பின்னால் இறக்கினார். அம்மா முதலில் மெஷினைச் சாய்த்து, கத்தியின் முனைக்கு அருகே ஒரு குச்சியை நட்டுவைத்துக் கத்தியைக் கையால் மெல்லச் சுற்றினார். இரண்டு முனையும் குச்சியை ஒரே மாதிரி உரசிக்கொண்டு போயின.

“தண்டு வளைஞ்சிருந்தா ஆடும்லா. இது ஆடலயே,” என்றார் அப்பாவிடம்.

பெட்ரோல் வந்தது. பிளக்கில் நெருப்பு வந்தது. ஆனால் கயிற்றை இழுத்தால் மெஷின் கிளம்பாமல் கயிற்றை வெடுக்கென்று திரும்பப் பிடுங்கியது. மூன்றாவது முறை பிடுங்கியதில் அம்மாவின் நடுவிரல் வீங்கிவிட்டது. இருட்டும் நேரத்தில் மெஷின் பாதி கழற்றப்பட்டு, அரிசிச் சாக்கின் மேல் திருகு திருகாகக் கிடந்தது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் பிரிஞ்சாங் பயணத்தைப் பற்றி அறிவிக்கத் தொடங்கினார். என் கை தானாகவே மேலே போனது.

“சார், எங்கம்மா மெஷின செஞ்சிட்டாங்க!”

பிள்ளைகள் கத்தினார்கள். தலைமையாசிரியரின் முகம் மலர்ந்தது. ஓய்வு நேரத்துக்குள் அவர் பிரிஞ்சாங் பள்ளிக்குப் போன் செய்து, நாங்கள் வரவில்லை, சனிக்கிழமை எங்கள் திடலிலேயே நடத்துகிறோம் என்று சொல்லிவிட்டார். அன்று முழுவதும் நான் ராணி. வீட்டுக்கு நடக்கும்போதுதான் அரிசிச் சாக்கு ஞாபகம் வந்தது.

அடி விழும் என்று நினைத்துக்கொண்டேதான் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா வீங்கிய விரலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“செஞ்சிட்டாங்கன்னா சொன்ன? செய்வாங்கன்னு சொல்லலயா?”

“செஞ்சிட்டாங்கன்னுதான்.”

“சரி. அப்ப செஞ்சிதான் ஆவணும்.”

அன்று மாலையே இஞ்சினின் மேலே இருந்த கனத்த சக்கரத்தைக் கழற்றினார். அது சுலபத்தில் வரவில்லை. ஒரு கட்டையை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி, அப்பா கீழிருந்து தூக்கிப் பிடிக்க, ‘டொக்’ என்று விடுபட்டது. தண்டிலும் சக்கரத்திலும் ஒவ்வொரு பள்ளம். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நடுவில் ஓர் உலோகத் துண்டு, என் சுண்டுவிரல் நகம் அளவுதான். கல்லில் மோதியபோது அது இரண்டாக நறுக்கப்பட்டு, சக்கரம் கொஞ்சம் நகர்ந்துவிட்டிருந்தது.

“பாத்தீங்களா? நெருப்பு வருது, ஆனா வரவேண்டிய நேரத்துல வரல,” என்றார் அம்மா. இஞ்சினையே மாற்ற வேண்டும் என்ற வியாதி அவ்வளவுதான்.

அந்தத் துண்டைத் தனியாக எங்கே வாங்குவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. காய்கறித் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் பம்புகளில் இதே மாதிரி இஞ்சின் இருப்பதை வேலைக்குப் போகும் வழியில் அவர் பார்த்துவைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் மூவரும் கம்போங் ராஜாவுக்குப் போனோம். பம்பு சாமான் விற்கும் சீனக் கடைக்காரர் அம்மாவைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் எங்கே என்று மலாயில் கேட்டார். வெளியே மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறார் என்று அம்மாவும் மலாயிலேயே பதில் சொல்லி, காகிதத்தில் மடித்துவைத்திருந்த இரண்டு பாதிகளையும் மேசையில் வைத்துச் சேர்த்துக் காட்டினார்.

கடைக்காரர் அதைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல், பழைய பம்புகளிலிருந்து கழற்றிய சாமான்கள் நிறைந்த ஒரு பால் டின்னைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். இருவரும் தலைகுனிந்து தேடினார்கள். அளவு ஒத்துவந்த துண்டுக்கு அவர் வாங்கியது ஒரு கோப்பியின் விலை.

வியாழக்கிழமை மதியம், புல்லின் ஈரம் காய்ந்து அடுத்த மழை இறங்குவதற்கு முன் கிடைத்த இடைவெளியில், அம்மா துண்டைப் பொருத்திப் பூட்டிய மெஷினோடு, வேலைக் காலணியில் திடலில் இறங்கினார். வகுப்புகள் எல்லாம் சன்னலுக்கு வந்துவிட்டன. முதல் இழுப்புக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கு ஒரு இருமல். மூன்றாவதில் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு மெஷின் கத்தியது. ஆண் ஆசிரியர் ஒருவர், “குடுங்கம்மா, நான் தள்றேன்,” என்று ஓடிவந்தார். அம்மா கேட்காதது போலவே நேராகத் தள்ளிக்கொண்டு போனார். அவர் பின்னால் புல் ஒரு பாய் விரிவது போல விரிந்துகொண்டே வந்தது. பக்கத்திலிருந்த எல்லாரிடமும், அவர்களுக்குத் தெரிந்திருந்தும், அது என் அம்மா என்று சொன்னேன்.

சனிக்கிழமை லயனே திரண்டு வந்தது. தலைமையாசிரியர் உரையில் ‘உதவிய பெற்றோர்களுக்கு’ நன்றி சொன்னார். பெயர் சொல்லாததில் எனக்குத்தான் கோபம், அம்மாவுக்கு இல்லை. என் ஓட்டத்தில் நான் மூன்றாவதாக வந்தேன். மூச்சிரைக்கத் திரும்பிப் பார்த்தால், அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, வெட்டுப்படாமல் தப்பியிருந்த ஒரு கொத்துப் புல்லைக் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவிடம், “தெடல் எப்படி இருந்திச்சி?” என்று கேட்டார். நல்லா இருந்தது என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்டார். “அம்மா, நான் மூணாவது வந்தேன்,” என்று இடையில் புகுந்தேன். “பாத்தேன், பாத்தேன்,” என்று என் தலையைத் தடவிவிட்டு, “மேடு பள்ளமா தெரியலதான?” என்று அப்பாவின் பக்கமே திரும்பினார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பத்து வருடமாக அம்மா வெட்டிய புல்லைத் தோட்டத்தில் யாரும் நின்று பார்த்ததில்லை என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அன்று கேட்ட கைதட்டல் முழுவதும் ஓடியவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.